கடைசிச் சதுரம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அறைக் கதவில் பித்தளைத் தகட்டில் பளபளவென்று பொறித்தும் வைத்திருந்தார்கள். ஆனால் கணிதத் துறையில் படித்த யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'ஏன் சார்'. மாணவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவார். இவர் கன்னத்தில் கை வைத்துத் தூங்குகிறவர் போல உட்கார்ந்திருப்பார். எந்த இடத்தில் எழுதுகிறவருக்கே உள்ளுக்குள் லேசாக உறுத்துமோ, சரியாக அந்த இடத்தில் கண்ணைத் திறந்து, "ஏன்?" என்பார். அதட்டல் கிடையாது, கிண்டல் கிடையாது. அதட்டியிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குழந்தை கேட்பது போலக் கேட்பார். அதற்குப் பதில் வராமல் அப்படியே உறைந்து நின்றவர்கள் ஏராளம்.

ஆராய்ச்சிப் படிப்பில் தொடர வேண்டுமானால் துறைத்தலைவர் அம்மாவோடு அவரும் உட்கார்ந்திருக்கும் வாய்மொழித் தேர்வைத் தாண்டியாக வேண்டும். இயற்கணிதத்தில் ஒரு சீட்டு, பகுப்பாய்வில் ஒரு சீட்டு, நிகழ்தகவில் ஒரு சீட்டு. எடுத்த சீட்டில் எந்தத் தேற்றம் இருக்கிறதோ அதைத் தாளைப் பார்க்காமல் பலகையில் நிரூபிக்க வேண்டும். இரண்டு தடவைதான் வாய்ப்பு. இரண்டாவது தடவையும் கோட்டைவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் காலில் விழுந்தாலும் நடக்காது.

அக்காளும் தங்கையும் ஒரே நாளில் எழுத வந்திருந்தார்கள். வீட்டில் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். பெரியவள் முன்னாலேயே முடித்திருக்க வேண்டியவள். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று நடுவில் சில வருஷங்கள் போய்விட, தங்கை வந்து சேர்ந்துகொண்டாள். பெரியவளுக்கு இது இரண்டாவது தடவை. சின்னவளுக்கு முதல்.

போன தடவை பெரியவள் விழுந்த கதை துறை முழுக்கத் தெரியும். பகுப்பாய்வுச் சீட்டு. ஒரு சார்பு மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருந்தால், புள்ளிக்குப் புள்ளி வேறு வேறு அளவு தேட வேண்டாம், ஒரே அளவு எல்லாவற்றுக்கும் போதும் என்று காட்ட வேண்டும். அந்த ஒரே அளவுக்கு டெல்டா என்று எழுதினாள். "இந்த டெல்டா எல்லாப் புள்ளிக்கும் ஒண்ணேவா? ஏன்?" என்றார் ஏன் சார். பெரியவளுக்கு விடை தெரியும். அன்று காலையில்தான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே அதை ஒப்பித்திருந்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. நின்றாள், நின்றாள், கடைசியில் சாக்பீஸை வைத்துவிட்டுத் தானாகவே வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு விடையையும் தங்கையிடம் ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். என்ன பிரயோசனம்?

"கணக்கை விட்டா எனக்கு வேற ஒண்ணும் வராதுடி," என்றாள் அன்று. அழவில்லை. அழுதிருந்தால் சின்னவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

சின்னவள் பயந்தாங்கொள்ளி. இதை அவள் காதுபடவே சொல்லலாம், மறுக்க மாட்டாள். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஜாதி. ஆனால் நிகழ்தகவில் கெட்டிக்காரி. எது நடக்கும், எது நடக்காது என்று எந்நேரமும் கவலைப்படுகிறவர்களுக்கு அந்தப் பாடம் வராமல் போனால்தான் ஆச்சரியம். ஆகவே இந்தத் தடவை வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இயற்கணித நிரூபணங்களைப் பெரியவள் எழுதுவது, நிகழ்தகவைச் சின்னவள் எழுதுவது, பகுப்பாய்வைப் பாதிப் பாதி. எழுதியதை மாற்றிக்கொண்டு மனப்பாடம். ஃபிரிட்ஜ் கதவு, பீரோக் கண்ணாடி, துணி துவைக்கும் இடத்துச் சுவர் என்று வீடெல்லாம் தாள் ஒட்டி, பெரியவளின் புருஷன் ஷேவ் பண்ணுவதற்குக்கூட இயற்கணிதக் குலம் ஒன்றின் உட்குலங்கள் எழுதிய தாளை விலக்கித்தான் முகம் பார்க்க வேண்டியிருந்தது. "எனக்கும் ஒரு சீட்டு குடுத்துப் பாருங்க, பாஸ் பண்ணிடுவேன்," என்பார் அவர்.

மாலையில் ஒருத்தி ஏன் சாராக உட்கார்ந்துகொள்வாள், மற்றவள் எழுதுவாள். சின்னவள் ஏன் சாராகும்போது துளைத்து எடுப்பாள். ஆனால் சின்னவள் எழுதிய நிகழ்தகவு நிரூபணங்கள் வரும்போது மட்டும் அந்த விளையாட்டே நடக்காது. பெரியவள் சிரித்துக்கொண்டே தாளை மடித்துவிடுவாள்.

"நீ எழுதினா நான் ஏன்னு கேக்க மாட்டேன்டி."

சின்னவளுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். மனுஷி தானே.

தேர்வு அறை முதல் மாடியின் கடைசியில் இருந்தது. வெளியே ஒரு மரப் பெஞ்சு, கதவுக்குப் பக்கத்தில் அட்டெண்டரின் நாற்காலி. கனமான பழைய கதவு. நடுவில் நீளவாக்கில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் கீழ்ப் பாதியை மறைத்து ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள்: உள்ளே தேர்வு. கதவைத் திறந்தால் தேர்வு செல்லாது.

"யாராவது திறந்திருக்காங்களா?" என்று சின்னவள் கேட்டாள்.

அட்டெண்டர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் இல்ல? ஒரு பையன் மூக்குக்கண்ணாடியை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டான். அவங்கப்பா பாவம், ஓடி வந்து, நான் பாத்ரூம் போயிருந்த நேரம் பாத்து, கதவைத் திறந்து நீட்டிட்டாரு. அவ்வளவுதான். கண்ணாடிக் கூட்டுக்குள்ள துண்டுச் சீட்டு வச்சுக் குடுத்தாரா இல்லையான்னு யாரு பாத்தா? செல்லாதுன்னுட்டாங்க. அந்த ஒரு வாய்ப்பு போச்சு."

"வச்சிருந்தாரா?"

"ஒரு மண்ணும் இல்ல. பெத்த பாசம்."

பெரியவள் எழுந்தாள். கைக்குட்டையைத் தங்கை கையில் கொடுத்தாள். உள்ளே எதுவும் கொண்டுபோகக் கூடாது. "வேர்த்துக் கொட்டுது, நீயே வச்சுக்கோ," என்றாள். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பார்த்தால் பலகையின் வலது ஓரம் மட்டும் தெரியும், அதிலும் மேல் பாதிதான். இடது பக்கம் இயற்கணிதத்துக்கு, நடுப் பக்கம் பகுப்பாய்வுக்கு, வலது ஓரம் நிகழ்தகவுக்கு. எதையும் அழிக்காமல் கடைசி வரை வைத்திருக்க வேண்டும். இந்தத் துறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. நிரூபணம் முடிந்ததும் கீழே ஒரு சின்னச் சதுரம் போடுவார்கள், புத்தகங்களில் இருப்பதுதான். ஆனால் இங்கே அது கையெழுத்து மாதிரி. சதுரம் போடும் வரை எழுதுகிறவர் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், அவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மூன்றாவது சதுரம் போட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டால் தேர்வு முடிந்தது. அதற்கு மேல் ஏன் சாரே கேட்க முடியாது.

முதலில் இயற்கணிதம் நல்லபடியாகப் போயிற்று என்று தெரிந்தது. பலகையில் சாக்பீஸ் நிற்காமல் ஓடுகிற சத்தம் கதவைத் தாண்டி வந்தது. சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தன் முறைக்கு முன்னால் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தன் நிரூபணங்களில் ஒன்றை எடுத்தாள். இருப்பதிலேயே சின்னது, அழகானது. அக்காவுக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

முடிவே இல்லாமல் வரிசையாக நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றும் நடக்க ஒரு சின்ன வாய்ப்பு. எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. அந்தச் சின்னச் சின்ன வாய்ப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லையில்லாமல் பெருகும் என்றால், அந்த நிகழ்ச்சிகளில் எண்ணி முடியாத அளவுக்கு நடந்தே தீரும். பயந்தாங்கொள்ளிகளுக்கென்றே யாரோ கண்டுபிடித்த தேற்றம். அவள் எழுதிய நிரூபணம் சுலபமானது: எதுவுமே நடக்காமல் போகும் வாய்ப்பு, ஒவ்வொன்றும் நடக்காமல் போகும் வாய்ப்புகளையெல்லாம் பெருக்கினால் வருவது. அந்தப் பெருக்கல் பூஜ்யத்துக்குப் போகிறது. சதுரம்.

சும்மாதான், விளையாட்டாக, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவளே ஏன் சாராக மாறினாள். பெருக்கினால் வருவது. ஏன்?

சம்பந்தமில்லாதவை, அதனால் பெருக்கலாம்.

எத்தனையை?

எல்லாவற்றையும்.

எந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதானே தேற்றம் சொல்கிறது? எல்லாவற்றுக்கும் சேர்ந்து சம்பந்தமில்லை என்று யார் சொன்னார்கள்? ஏன்?

சின்னவள் கண்ணைத் திறந்தாள்.

இரண்டு காசு சுண்டுகிறோம் என்று வைத்துக்கொண்டாள். முதல் காசு தலை. இரண்டாவது காசு தலை. இரண்டும் ஒரே மாதிரி விழுகின்றன. இந்த மூன்று நிகழ்ச்சிகளில் எந்த இரண்டை எடுத்தாலும், ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தெரிந்துவிட்டால் மூன்றாவது கையில் வந்துவிடுகிறது. இரண்டு இரண்டாகப் பார்த்தால் சம்பந்தமில்லை. மூன்றும் சேர்ந்தால் இருக்கிறது. அவள் வீட்டிலேயே அம்மாவும் அக்காவும் சமையலறையில் இருந்தால் சத்தம் வராது, அம்மாவும் அவளும் இருந்தாலும் வராது, அக்காவும் அவளும் இருந்தாலும் வராது. மூன்று பேரும் சேர்ந்து நுழைந்தால் பாத்திரம் பறக்கும். இது தெரிந்தும் எழுதியிருக்கிறாள். பெருக்கலாம் என்று, ஒரே வரியில், தைரியமாக. வாழ்க்கையில் அவள் தைரியமாகச் செய்தது அது ஒன்றுதான், அதுவும் தப்பு.

தேற்றம் உண்மைதான், அதில் சந்தேகமில்லை. சீட்டுப் பெட்டியில் பொய்யான தேற்றம் போட மாட்டார்கள். அப்படியானால் வேறு வழியாக நிரூபிக்க வேண்டும். எந்த வழி? யோசித்தாள். பயத்தில் இருக்கிறவளுக்கு எங்கே யோசனை வரும்? காசுகள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் அட்டெண்டர்.

"வேணாங்க."

பெட்டியில் நிகழ்தகவுச் சீட்டு இருபதுக்கு மேல் இருக்கும். அக்காவுக்கு அது வர இருபதில் ஒரு வாய்ப்புக்கும் கீழே. வராது. வரவே வராது. இருபதில் ஒன்று என்பது ஒன்றுமேயில்லை என்று மற்றவர்களுக்கு அவள் எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறாள். தனக்கு எடுத்தபோது ஒரு வார்த்தைகூட ஏறவில்லை.

உள்ளே சாக்பீஸ் நின்றது. பகுப்பாய்வும் முடிந்திருக்க வேண்டும். சின்னவள் எழுந்து கண்ணாடிக்குப் போனாள்.

பெரியவள் பலகையின் வலது ஓரத்துக்கு வந்து மூன்றாவது சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். படித்தாள். அப்புறம் சிரித்தாள்.

அது ரொம்ப நாளாகப் பார்க்காத சிரிப்பு. நிமிர்ந்து கதவைப் பார்த்தாள், கண்ணாடியில் தங்கை முகத்தைக் கண்டுபிடித்தாள், புருவத்தை உயர்த்தினாள். உன்னுதுடி, என்று அர்த்தம். அந்தச் சின்னது, அழகானது. ஃபிரிட்ஜ் கதவில் பால் எடுக்கும்போதெல்லாம் படித்தது.

சின்னவள் பதிலுக்குச் சிரித்தாள். சிரித்ததுதான் கொடுமை. தன் முகத்தில் பயம் தெரிந்தால் அக்கா அங்கேயே உறைந்துவிடுவாள் என்று தெரியும், அதனால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பெரியவள் பலகைக்குத் திரும்பினாள். வலது ஓரத்தில், மேலே, தேற்றத்தை எழுதினாள். அடுத்து அந்த வரியை எழுதினாள். எதுவுமே நடக்காமல் போகும் வாய்ப்பு, சமம், பெருக்கல் குறி. அவளுடைய கையெழுத்தில், தங்கையின் தப்பு, எல்லோரும் படிக்கும்படி பெரிதாக இருந்தது.

"அம்மா, கண்ணாடிகிட்ட நிக்காதீங்க," என்றார் அட்டெண்டர். "உள்ள இருக்கறவங்க திட்டுவாங்க."

சின்னவளுக்குக் காது கேட்கவில்லை. இப்போது கேட்பார். இதோ கேட்கப்போகிறார். கேட்காமல் இருந்துவிடமாட்டாரா, இன்றைக்காவது நிஜமாகத் தூங்கிவிடமாட்டாரா? கதவைத் தட்டினால் என்ன? தட்டுவது திறப்பதாகுமா? சைகை காட்டினால்? இரண்டு விரலைக் காட்டி, மூன்று விரலைக் காட்டி... பார்த்துவிட்டால் சைகை காட்டினாள் என்று அக்காவைத்தான் வெளியே அனுப்புவார்கள். உதவி என்று எதைச் செய்தாலும் அது அக்கா தலையில்தான் விடியும். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் அதே.

அவள் கையில் கைக்குட்டை நனைந்து பிழிகிற மாதிரி ஆகியிருந்தது.

"ஏன்?"

கதவைத் தாண்டி அந்தக் குரல் வந்தது. மெதுவாகத்தான். சின்னவள் கண்ணாடியில் பார்த்தாள். பெரியவள் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். சாக்பீஸ் பிடித்த கை தொங்கிக்கொண்டிருந்தது.

போன தடவையும் இப்படித்தான் நின்றிருப்பாள். இப்படியே நின்று, இப்படியே சாக்பீஸை வைத்துவிட்டு.

சின்னவளால் பார்க்க முடியவில்லை. பெஞ்சில் போய்க் குனிந்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்திய காதுக்குள் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. மனசு தன் பாட்டுக்கு ஓடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும். அக்கா வெளியே வருவாள். இந்தத் தடவை பஸ்ஸில் சொல்வதற்கு விடைகூட இருக்காது, ஏனென்றால் அவள் படித்ததே தப்பு. 'நீ எழுதினா நான் ஏன்னு கேக்க மாட்டேன்.' வீட்டில் குட்டி ஓடிவந்து, அம்மா பாஸா என்று கேட்கும். வீடெல்லாம் ஒட்டிய தாளையெல்லாம் அக்கா ஒவ்வொன்றாகக் கிழிப்பாள், பசை காய்ந்த இடத்தில் பெயிண்ட் உரியும். எல்லாவற்றையும் கிழித்துவிட்டு ஒரு வார்த்தைகூடத் திட்ட மாட்டாள். அதுதான் நடக்கும். அந்தத் திட்டாத முகத்தோடு ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. அட்டெண்டர் இரண்டு தடவை ஏதோ கேட்டார். அவள் எழுந்தாள். கண்ணாடிக்குப் போனாள்.

பலகையில் மேலே அந்த வரி அப்படியே இருந்தது. பெருக்கல் குறியோடு. அக்காவின் தலை மட்டும் தெரிந்தது. அதுவும் மெதுவாகக் கீழே இறங்கியது. கொண்டை தெரிந்தது. கொண்டையும் அறிவிப்புத் தாளுக்குக் கீழே போய்விட்டது.

அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

பலகைக்குக் கீழே, தரையில், அத்தனை பேர் முன்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா! ஏம்மா!" என்று அட்டெண்டர் கத்தியது காதில் விழுந்தது. அதற்குள் அவள் கை கதவைத் தள்ளிவிட்டிருந்தது.

"அந்த வரி என்னுது!" என்று உள்ளே நுழைந்த வேகத்தில் சொன்னாள். "அது நான் எழுதிக் குடுத்தது. தப்பு என்னுது. அவங்களைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க!"

துறைத்தலைவர் அம்மா பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். ஏன் சார் இரண்டு கண்ணையும் அகலத் திறந்திருந்தார்.

பெரியவள் பலகையின் கீழ் மூலையில் குந்தி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சாக்பீஸ்.

சின்னவள் அப்போதுதான் முழுப் பலகையையும் பார்த்தாள். மேலே அந்த வரி. அதற்குக் கீழே, அறிவிப்புத் தாள் மறைத்திருந்த இடத்தில், பெரியவள் எழுதியிருந்தாள்: இப்படிப் பெருக்க முடியாது. பக்கத்தில் இரண்டு வட்டம், இரண்டு காசு. ஒரே மாதிரி விழும் நிகழ்ச்சி. எந்த இரண்டும் சம்பந்தமில்லாதவை, மூன்றும் சேர்ந்து அப்படியல்ல. அதற்குக் கீழே புதிதாக ஆரம்பித்திருந்தாள். எத்தனை நிகழ்ச்சிகள் நடக்கின்றன என்று எண்ணு. அந்த எண்ணிக்கை தன் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்று பார். சிதறலின் அளவைக் கூட்டுவதற்கு இரண்டு இரண்டாகச் சம்பந்தமில்லாமல் இருந்தால் போதும், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சராசரி எல்லையில்லாமல் ஏறுகிறது, சிதறல் அந்த அளவுக்கு ஏறவில்லை, ஆகவே எண்ணிக்கையும் சராசரியோடு சேர்ந்து ஏறித்தான் ஆகவேண்டும். வரிக்கு வரி சுத்தமாக, நடுக்கமில்லாத கையெழுத்தில், பலகையின் அடிவிளிம்பு வரை வந்திருந்தாள். இடம் போதாமல்தான் குந்தியிருக்கிறாள்.

கடைசி வரிக்குப் பக்கத்தில் சதுரம் இருந்தது. மூன்று கோடு போட்டிருந்தாள்.

நான்காவது கோடு போடப் போகும்போது கதவு திறந்திருக்கிறது.

தலைவர் அம்மாதான் முதலில் பேசினார். சத்தம் போடவில்லை. "தேர்வு முடிஞ்சுதா, முடியலையா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

ஏன் சார் எழுந்து பலகைக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கோடுதானே, யார் பார்த்தது என்று சொல்லிவிடமாட்டாரா என்று சின்னவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் பூராவும் ஒரு சின்னக் குறையைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், இன்றைக்கு மட்டும் எப்படி விடுவார்?

"மூணு கோடுதான் இருக்கு," என்றார்.

"அப்ப முடியல."

"முடியல," என்றார். பெரியவளைப் பார்த்துத் திரும்பினார். "நிரூபணத்துல நான் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா."

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் வாங்கியவர்கள் அந்தத் துறையில் யாருமில்லை. அது இப்போது எதற்கும் உதவாது.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் தலைவர் அம்மா, மேஜையைப் பார்த்துக்கொண்டு. "தேர்வு செல்லாது. இது உங்களுக்கு ரெண்டாவது தடவை, இல்லையா?"

"ஆமாம் மேடம்."

பெரியவள் உடனே எழுந்துவிடவில்லை. திரும்பிப் பலகையைப் பார்த்தாள். நான்காவது கோட்டை, அவசரமில்லாமல், மேலிருந்து கீழாக இழுத்து முடித்தாள். சாக்பீஸை அதன் இடத்தில் வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். சின்னவள் பின்னாலேயே போனாள். அவள் கால்கள் தானாகப் போயின.

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அட்டெண்டர் அவர்களைப் பார்க்காமல் அறிவிப்புத் தாளின் ஓரம் ஒன்று கிளம்பியிருப்பதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"எழுதினப்புறம்தான் தெரிஞ்சுது," என்றாள் பெரியவள். தனக்குத்தானே சொல்வது போல இருந்தது. "உன் வரியை எழுதிட்டு, அடுத்ததுக்குப் போகாம, நானே நின்னேன். இது எப்படி வரும்னு நானே கேட்டுக்கிட்டேன். 'ஏன் நிறுத்திட்டீங்க?'ன்னார் அவர். இருங்க சார், யோசிக்கிறேன்னு சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சேன். பயமே வரலடி. மொத தடவையா பயமே வரல. குட்டியைக் குளிப்பாட்டறப்ப வருமே, அந்த மாதிரி ஒவ்வொண்ணா வந்துது."

சின்னவள் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கைக்குட்டையைப் பார்த்தாள்.

"நீ கீழ உக்காந்துட்டேன்னு நெனச்சேன்க்கா."

"கீழ எழுதக் குந்தினேன்."

"அந்த வரியைப் பாத்தேன். அது தப்புன்னு எனக்கு வெளியில உக்காந்திருக்கப்பதான் தெரிஞ்சுது. அதைத் திருத்த எனக்கே வழி தெரியல. அதான்..." பேச்சு எங்கே போய் முடியப்போகிறது என்று அவளுக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது.

பெரியவள் திரும்பித் தங்கையை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. விரலில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது.

"உனக்குத் தெரியாதது எனக்கும் தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டே," என்றாள். "நீ எழுதினதை நான் ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல. என்னால முடியாதுன்னு நீ எப்படி நெனச்சே? ஏன்டி?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சின்னவளுக்கு விடை தெரியும். வாய் திறக்கவில்லை.

கதவு லேசாகத் திறந்து, தலைவர் அம்மாவின் குரல் வந்தது. அட்டெண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்தது நீங்கதாம்மா, கூப்பிடறாங்க," என்றார். சின்னவள் எழுந்திருக்கவில்லை. பெரியவளும் நகரவில்லை, தங்கையையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.